சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்: ஐபிஏ வந்துவிட்டது என்கிறார் ஏஜென்ட், 3.8 லட்சம் கட்டலாமா?

டெல்டா_வயர்மேன்:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு ஊர்ப்பக்கம் வயரிங் வேலை பார்க்கிறேன். சிங்கப்பூர் போகலாம் என்று டெஸ்ட் சென்டரில் சேர்ந்து, எலக்ட்ரிக்கல் வயரிங்கில் ஸ்கில் டெஸ்ட் அடித்துப் பாஸும் ஆகிவிட்டேன். அதற்குத் தனியாகப் பணம் கட்டியாயிற்று. இப்போது ஒரு ஏஜென்ட் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் பெர்மிட் போட்டு ஐபிஏ (பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதம்) வந்துவிட்டது என்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பியது முழு பிடிஎஃப் இல்லை, ஒரு பக்கத்தின் போட்டோ மட்டும்தான். அதிலும் கம்பெனி பெயர் இருக்கும் இடத்தில் கட்டைவிரல் மறைக்கிறது. சம்பளம் எழுதியிருக்கும் வரிகள் மட்டும் நன்றாகத் தெரிகின்றன: அடிப்படைச் சம்பளம் 624 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அலவன்ஸ் 0, கழிவு (சம்பளத்தில் பிடித்தம்) 130.

ஆனால் முதலில் பேசும்போது அவர் சொன்னது மாதம் 1,100 வெள்ளி. கேட்டால் "அது ஓடியோட (ஓவர்டைம்) சேர்த்துப்பா, எல்லாருக்கும் அப்படித்தான்" என்கிறார். மொத்தம் 3,80,000 ரூபாய் கேட்கிறார், பாதி இந்த வாரமே வேண்டுமாம், இல்லையென்றால் ஐபிஏ கேன்சல் ஆகிவிடுமாம். வீட்டில் நகையை வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது.

என் கேள்வி: இந்த ஐபிஏ உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? 624-ஐ நம்புவதா, 1,100-ஐ நம்புவதா? ஏஜென்ட் இல்லாமல் நானே நேரடியாகப் பெர்மிட்டுக்கு அப்ளை பண்ண வழி இருக்கிறதா?

ஜூரோங்_கரையோரம்:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். நீங்களே அப்ளை பண்ண முடியாது. ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பது சிங்கப்பூரில் இருக்கும் முதலாளி, அல்லது அவர் சார்பில் அங்கே லைசென்ஸ் வாங்கிய ஏஜென்சி. வேலையாள் தன் பெயரில் போட ஒரு ஃபாரமும் கிடையாது, அதனால் "உனக்காக நான் பெர்மிட் அப்ளை பண்ணிட்டேன்" என்று ஊரில் இருக்கும் ஏஜென்ட் சொன்னால், அவருக்குப் பின்னால் சிங்கப்பூரில் யார் இருக்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. விண்ணப்பக் கட்டணமே 35 வெள்ளிதான், பெர்மிட் வழங்கும்போது இன்னொரு 35. அதையும் கம்பெனிதான் கட்டும்.

போட்டோவை வைத்து எதையும் முடிவு பண்ணாதீர்கள். முழு பிடிஎஃப்பையும் கேளுங்கள். நீங்கள் விமானம் ஏறும் முன் ஐபிஏ கடிதத்தை உங்களுக்கு அனுப்பிவைக்க வேண்டியது முதலாளியின் கடமை, அதுவும் உங்களுக்குப் புரியும் மொழியில், எனவே தமிழ்ப் பிரதியையும் சேர்த்துக் கேளுங்கள். தரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் வந்ததும் உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், கம்பெனி பெயர், வேலையின் பெயர் எல்லாம் சரியா என்று பாருங்கள். பிறகு சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் பெர்மிட் நிலவரம் பார்க்கும் பக்கம் இருக்கிறது, காசு ஒன்றும் கிடையாது, நீங்களே உங்கள் விவரத்தைப் போட்டுப் பார்க்கலாம். ஏஜென்ட் அனுப்பும் லிங்கைத் தொடவே தொடாதீர்கள், தளத்தின் முகவரியை நீங்களே டைப் பண்ணுங்கள். அசல் தளம் மாதிரியே போலித் தளம் செய்து "அப்ரூவ்டு" என்று காட்டுகிற கூட்டமும் இருக்கிறது. சிங்கப்பூர் ஏஜென்சியின் லைசென்ஸ் எண்ணையும் அதே அமைச்சின் தளத்தில் சரிபார்க்கலாம்.

இந்த வாரமே கட்டாவிட்டால் கேன்சல் என்பது சும்மா மிரட்டல். ஐபிஏவில் எந்தத் தேதிக்குள் உள்ளே வர வேண்டும் என்று போட்டிருக்கும். அந்தத் தேதியைப் படித்துவிட்டு அவருடைய அவசரத்தை அளந்து பாருங்கள்.

ஓடி_கணக்குப்பிள்ளை:

624-ஆ 1,100-ஆ என்று கேட்டீர்கள். 624 என்பது ஒரு நாளைக்கு 24 வெள்ளி, 26 நாள். அதுதான் அமைச்சில் பதிவான சம்பளம், சட்டப்படி உங்களுக்கு உறுதியானதும் அதுதான். கம்பெனியில் வேலை இல்லை, சைட் திறக்கவில்லை, மழை என்று உட்கார வைத்தாலும் ஐபிஏவில் எழுதிய நிலையான மாதச் சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். பல பேருக்கு இது தெரியாததால்தான் "வேலைக்குப் போன நாளுக்கு மட்டும் காசு" என்று ஏமாற்றுகிறார்கள்.

இப்போது அந்த 1,100 எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போடுவோம். ஒரு மணி நேர அடிப்படை விகிதம் = 624 × 12, வகுத்தல் 52 × 44. வருவது சுமார் 3.27 வெள்ளி. ஓடி ஒன்றரை மடங்கு, அதாவது 4.91. சட்டப்படி மாதத்துக்கு 72 மணி நேரம்தான் ஓடி, அதற்கு மேல் போக கம்பெனி தனி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். 72 மணியும் முழுசாகச் செய்தால் 353 வெள்ளி. ஆக 977. மீதிக்கு ஞாயிறு வேலை. முதலாளி கூப்பிட்டு ஓய்வு நாளில் முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம், 48 வெள்ளி. மூன்று ஞாயிறு போனால் 144, மொத்தம் 1,121.

அதாவது ஏஜென்ட் சொன்ன தொகை பொய் என்று சொல்ல முடியாது. மாதம் முழுக்க ஓடியின் கடைசி மணி வரைக்கும் செய்து, நாலு ஞாயிறில் மூன்றை விட்டுக்கொடுத்து, ஒரு நாளும் காய்ச்சலில் படுக்காமல் இருந்தால் வரும் தொகை. ஓடி வேலை கொடுப்பதும் கொடுக்காததும் கம்பெனியின் கையில். புராஜெக்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை ஓடி அப்படியே நின்றுபோகும். கடனைக் கணக்குப் போடும்போது 624-ஐ வைத்தே போடுங்கள், வருகிற ஓடி வரட்டும்.

அப்புறம் அந்தக் கழிவு 130 எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். சாப்பாட்டுக்கு என்றால், நீங்கள் எழுத்தில் சம்மதித்துப் பிடிப்பது வேறு கதை. ஆனால் லெவி (வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்ள முதலாளி அரசாங்கத்துக்கு மாதாமாதம் கட்டும் தொகை), மருத்துவக் காப்பீடு, மெடிக்கல் டெஸ்ட், 5,000 வெள்ளி செக்யூரிட்டி பாண்ட் (பிணை), திரும்பிப் போகும் டிக்கெட், இது எல்லாமே முதலாளியின் செலவு. ஒரு காசு கூட உங்கள் மேல் ஏற்றக்கூடாது. கட்டுமானத்தில் புதிதாக வரும் பேசிக் ஸ்கில்டு ஆளுக்கு லெவி மட்டுமே மாதம் 900 வெள்ளி, 2024 ஜனவரியிலிருந்து. உங்கள் சம்பளத்தைவிட உங்களுக்காக அரசாங்கத்துக்குக் கட்டுவது அதிகம். ஹையர் ஸ்கில்டு ஆனால் லெவி 500-க்கு இறங்கிவிடும், அதனால்தான் நல்ல கம்பெனிகள் ஆளைப் பழக்கி மேலே ஏற்றி வைத்துக்கொள்ளப் பார்க்கும்.

நெத்தியடி:

எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள், சரி. சட்டப்படி என்ன தொகை என்று நானும் சொல்கிறேன், பிறகு நடப்பைப் பேசுவோம்.

சிங்கப்பூர் ஏஜென்சி வேலையாளிடம் வாங்கக்கூடிய அதிகபட்சம், ஒரு வருட வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், எத்தனை வருடமானாலும் இரண்டு மாதச் சம்பளம்தான். உங்கள் கேஸில் 1,248 வெள்ளி. ஆறு மாதத்துக்குள் கம்பெனியே உங்களை நிறுத்தினால் அதில் பாதியைத் திருப்பித் தர வேண்டும். இந்தியாவில் பதிவு பெற்ற ரெக்ரூட்டிங் ஏஜென்ட் வாங்கலாம் என்பது 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400. ஒரு வெள்ளியை 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நீங்கள் கட்டப்போகும் 3,80,000 என்பது 5,800 வெள்ளிக்கு மேல். ஒன்பது மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டுகிறது. சாப்பிடாமல், போன் கார்டு போடாமல், வீட்டுக்குப் பத்துப் பைசா அனுப்பாமல் ஒன்பது மாதம்! நகைக்கடன் வட்டி தனி.

நடப்பு என்னவென்றால், 35,400-க்கு அனுப்புகிறேன் என்று எந்த ஏஜென்டும் கடை திறந்து உட்கார்ந்திருக்கவில்லை. லட்சக்கணக்கில் கொடுத்துப் போனவர்கள்தான் அதிகம். போகவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பேங்க் வழியாகக் கொடுங்கள், கையில் கொடுக்காதீர்கள், யார் பெயருக்குப் போகிறது என்று ரசீது வாங்குங்கள், மொத்தமாகக் கொடுக்காதீர்கள். ஐபிஏவைச் சரிபார்க்கும் முன் ஒரு ரூபாய் கூட வேண்டாம்.

ஜூரோங்_கரையோரம்:

நெத்தியடி அண்ணன் சொன்னதில் பாதிக்குத்தான் நான் உடன்படுவேன். "எல்லாரும் கொடுக்கிறார்கள்" என்று நாமே சொல்லிக்கொண்டிருப்பதால்தான் வருடா வருடம் தொகை ஏறுகிறது. அதோடு அந்த 3.8 லட்சத்தில் ஒரு பங்கு சிங்கப்பூர் கம்பெனியில் இருக்கும் யாருக்காவது போகிறது என்றால் அது கிக்பேக். வேலை கொடுக்கவோ பெர்மிட்டைப் புதுப்பிக்கவோ முதலாளி வேலையாளிடம் பணம் வாங்குவது அங்கே குற்றம், 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டுமே. பேங்க் ரசீது இருந்தால் பின்னால் புகார் கொடுக்க முடியும் என்பதில் மட்டும் அண்ணனோடு ஒத்துப்போகிறேன்.

இன்னொரு விஷயம், இந்தியப் பக்கத்தில், வெளிநாட்டு வேலைக்கான அரசாங்கத் தளமான ஈமைகிரேடில் அந்த ஏஜென்டின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஈசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை என்ற வகை) பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் குடியேற்ற அனுமதி கேட்கும் 18 நாடுகளில் மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. அதனால் சிங்கப்பூருக்கு ஏர்போர்ட்டில் அந்தச் சோதனை நடக்காது, ஏஜென்ட்கள் இதைத்தான் வசதியாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்காக வேறு யாரும் பேப்பரைப் பார்க்கப் போவதில்லை, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

டெல்டா_வயர்மேன்:

அண்ணன்களுக்கு நன்றி. முழு பிடிஎஃப் கேட்டேன், முதலில் திட்டினார், "என் மேல நம்பிக்கை இல்லையா" என்றார். நகையை வைக்க பேங்கில் பேப்பர் காட்டணும் என்று ஒரு போடு போட்டதும் ராத்திரி அனுப்பிவிட்டார். அமைச்சின் தளத்தில் போட்டுப் பார்த்தேன், ஐபிஏ உண்மைதான். கம்பெனியும் கட்டுமானக் கம்பெனிதான். வேலைப் பெயர் மட்டும் எலக்ட்ரீஷியன் என்று இல்லை, கட்டுமானத் தொழிலாளி என்று போட்டிருக்கிறது. கழிவு 130 சாப்பாட்டுக்காம், வாய்வார்த்தையாகச் சொன்னார். ஈமைகிரேடில் அவர் பெயரில் பதிவு எதுவும் இல்லை.

இன்னொன்று, என் கூட்டாளி ஒருவனுக்கு வேறொரு ஏஜென்ட் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை, டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கினால் அங்கே பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம் என்கிறாராம். அவனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நெத்தியடி:

கூட்டாளியை இன்றைக்கே நிறுத்துங்கள். இந்தியர்களுக்கு ஒர்க் பெர்மிட் பெரும்பாலும் கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் (எண்ணெய், ரசாயன ஆலைகள்) ஆகிய துறைகளில்தான். உற்பத்தி, சேவைத் துறைகளில் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் 2023 செப்டம்பரிலிருந்து வழி திறந்திருக்கிறார்கள், சமையல்காரர், வெல்டர் என்பது போல ஒரு பட்டியல், அதற்கும் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம் கொடுக்க வேண்டும். கடையில் பில் போடுவது அந்தப் பட்டியலிலேயே கிடையாது. டூரிஸ்டாகப் போய் வேலை செய்து பிடிபட்டால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. ஏஜென்ட் ஜெயிலுக்கு வரமாட்டார்.

கொடிமுல்லை:

தம்பி, என் வீட்டுக்காரர் அங்கே சைட் வேலையில் இருக்கிறார், அதனால் வீட்டுப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். ஐபிஏவை அவர் போனில் மட்டும் வைத்திருந்தார். போய் இறங்கிய அன்றே ஆபீஸில் ஒரு கட்டுப் பேப்பரை நீட்டி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றில் நாள் சம்பளம் 24-க்குப் பதில் 18 என்று இருந்தது, இன்னொன்றில் தொகையே எழுதாமல் காலியாக விட்டிருந்தது. பின்னால் வரிசையில் நாலு பேர் நிற்கிறார்கள், சீக்கிரம் போடு என்கிறார்கள், புதிதாகப் போன ஆள் என்ன செய்வார்? அவர் போட மறுத்து ஐபிஏவைத் திறந்து காட்டியதால் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், மறுபடி அதைப் பற்றிப் பேசவே இல்லை. கூடப் போன இருவர் போட்டுவிட்டார்கள்.

ஐபிஏவில் எழுதிய சம்பளத்தைக் குறைக்க வேண்டும் என்றால் வேலையாள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், கம்பெனி அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைத்தான் இப்படி வாங்கப் பார்க்கிறார்கள். அதனால் பிடிஎஃப்பை உங்கள் மெயிலில் ஒன்று, வீட்டில் அம்மா போனிலோ தங்கச்சி போனிலோ ஒன்று, பிரின்ட் எடுத்துப் பையில் ஒன்று என்று வையுங்கள். பாஸ்போர்ட்டை "பத்திரமா வச்சுத் தர்றோம்" என்று கேட்பார்கள், கொடுக்க வேண்டியதில்லை, அவர்கள் பிடித்து வைப்பதுதான் தப்பு.

ஓடி_கணக்குப்பிள்ளை:

அக்கா சொன்னதை நூறு முறை படியுங்கள் தம்பி. அதோடு போனதும் ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள், தினமும் எந்த சைட், எத்தனை மணிக்கு ஏறினேன், எத்தனை மணிக்கு இறங்கினேன் என்று எழுதுங்கள். சம்பளச் சீட்டு கொடுப்பது கட்டாயம். சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள் வர வேண்டும், ஓடி 14 நாளுக்குள். வராவிட்டால் சம்பளத் தகராறுகளைப் பார்க்கும் முத்தரப்பு அமைப்பான டாடமில் புகார் கொடுக்கலாம், வேலையில் இருக்கும்போது என்றால் ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டபின் என்றால் ஆறு மாதத்துக்குள். அங்கே உங்கள் நோட்டுத்தான் சாட்சி. வெளிநாட்டு ஊழியர் நிலையம், டிடபிள்யூசி2, ஹோம் என்று உதவி செய்ய அமைப்புகளும் இருக்கின்றன.

போய் இறங்கியபின் நடப்பது: இரண்டு வாரத்துக்குள் மெடிக்கல், காசநோய்க்கு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை. முன்பு எப்போதாவது டிபி இருந்து குணமாகியிருந்தால் அந்த மருத்துவப் பேப்பர்களை எடுத்துப் போங்கள், எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிந்தாலே கேள்வி வரும். முதல்முறை வருகிறவர்களுக்கு ஒரு நாள் அறிமுக வகுப்பு உண்டு, தமிழிலும் நடக்கும், தூங்காமல் கேளுங்கள், நம் உரிமை என்ன என்பதை அங்கேதான் சொல்கிறார்கள். கட்டுமானத்துக்கு சேஃப்டி கோர்ஸ் பாஸ் ஆக வேண்டும். பிறகு கைரேகை, கார்டு. எல்லாமே கம்பெனி செலவு.

டெல்டா_வயர்மேன்:

ஏஜென்டிடம் பேசினேன். பேங்கில் போடுகிறேன், ரசீது வேண்டும், கழிவு எதற்கு என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் வேண்டும் என்று மூன்றையும் கேட்டேன். கம்பெனி கடிதம் தருவதாகச் சொல்கிறார், பேங்க் என்றால் மட்டும் "பார்க்கலாம்" என்கிறார், தொகையை 3.2-க்கு இறக்கிவிட்டார். அவரே இறக்கினதைப் பார்த்தால் எனக்கு இன்னும் சந்தேகம்தான் கூடுகிறது. நகையை வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி நிறுத்திவைத்திருக்கிறேன். ஐபிஏவில் உள்ளே வர வேண்டிய தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கடைசியாக ஒன்று: போனபின் கம்பெனி சரியில்லை என்றால் வேறு கம்பெனிக்கு மாற முடியுமா, இல்லை பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பி வருவதுதானா?

ஜூரோங்_கரையோரம்:

மாறலாம், நினைத்த நேரத்தில் இல்லை. பெர்மிட் பொதுவாக இரண்டு வருடம். கட்டுமானத் துறையில் பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை இருக்கும் அந்த இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புதிய கட்டுமானக் கம்பெனி உங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னால் என்றால் அவர் சம்மதிக்க வேண்டும். எனவே பெர்மிட் முடியும் தேதியைப் போனில் குறித்துவைத்து, அதற்கு ஒரு மூன்று மாதம் முன்பே நண்பர்கள் மூலம் கம்பெனி தேட ஆரம்பியுங்கள். அனுபவம் உள்ள ஆளுக்கு நாள் சம்பளமும் கூடுதலாகக் கேட்க முடியும், பெரும்பாலும் ஊர் ஏஜென்ட் நடுவில் வர வேண்டியதே இல்லை.

இப்போதைய கேஸுக்கு: வேலைப் பெயர் கட்டுமானத் தொழிலாளி என்று இருப்பது பரவாயில்லை, ஆனால் வயரிங் வேலைதான் கொடுப்பார்களா என்று அந்தக் கம்பெனிக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் போய் மண் அள்ளத்தான் விடுவார்கள். கம்பெனியின் போன் நம்பரை ஏஜென்டிடம் வாங்காமல் நீங்களே தேடி எடுத்து ஒரு போன் போடுங்கள். அவர்கள் ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுக்கச் சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதிலைக் கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.